ஸ்கீபோர்டு: எந்த உடலுக்கு எந்த நீளம்?

ஸ்கீபோர்டு என்பது பனிச்சரிவில் வழுக்கிச் செல்ல இரு கால்களிலும் பூட்டிக்கொள்ளும் குட்டையான, அகலமான சறுக்குப் பலகை. வழக்கமான ஸ்கீயைப் போலவே இதுவும் காலுக்கு ஒன்று. அடியில் வழவழப்பான பிளாஸ்டிக் தளம், இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பு, நடுவே பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் பைண்டிங் எல்லாம் உண்டு. பெரியவர்களின் ஸ்கீ பொதுவாக 150 முதல் 185 செ.மீ. வரை நீளும். ஸ்கீபோர்டு பெரும்பாலும் 75 முதல் 110 செ.மீ.க்குள் முடிந்துவிடும், 120 செ.மீ.யைத் தாண்டும் சில வகைகளும் இருக்கின்றன. முன்முனையும் பின்முனையும் மேல்நோக்கி வளைந்திருப்பதால் முகம் பார்த்தும் சறுக்கலாம், முதுகு காட்டியும் சறுக்கலாம். கையில் ஊன்றுகோல் பிடிப்பதில்லை.

75 செ.மீ.க்கும் 110 செ.மீ.க்கும் இடையே 35 செ.மீ.தான் வித்தியாசம். ஆனால் பலகையே ஒரு மீட்டர் அளவில் இருக்கும்போது இந்த 35 செ.மீ. மிகப் பெரிய பங்கு. சாதாரண ஸ்கீயில் 5 செ.மீ. கூடினாலும் குறைந்தாலும் பலர் உணர மாட்டார்கள். ஸ்கீபோர்டில் அதே 5 செ.மீ. திரும்பும் வேகத்தையும் நிலைத்தன்மையையும் பளிச்சென்று மாற்றிவிடும்.

குட்டைப் பலகை வந்த வழி

குட்டையான ஸ்கீ புதிய யோசனை அல்ல. அமெரிக்கப் பயிற்சியாளர் கிளிஃப் டெய்லர் 1960-களில் படிப்படியாக நீளத்தைக் கூட்டும் பயிற்சி முறையைப் பரப்பினார். ஆளுயரத்துக்கு மேல் நின்ற ஸ்கீகளோடு புதியவர்கள் திண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. முதலில் சுமார் ஒரு மீட்டர் பலகையில் திரும்பக் கற்றுக்கொண்டு, பிறகு நீளமானவற்றுக்கு மாறுவது அவருடைய முறை. அமெரிக்கப் பனிச்சறுக்குப் பள்ளிகள் பலவற்றில் அது நடைமுறைக்கு வந்தது.

1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் நைஸ்ல் நிறுவனம் ‘பிக்ஃபுட்’ என்ற பெயரில், முனையில் கால்விரல்களின் உருவம் கொண்ட குட்டை ஸ்கீயை விற்றது. 1995-இல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜேசன் லெவிந்தால் ‘லைன்’ நிறுவனத்தைத் தொடங்கி, இரு முனையும் வளைந்த அகலமான ஸ்கீபோர்டுகளைச் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் பிரான்ஸின் சாலமன் நிறுவனம் ‘ஸ்னோபிளேடு’ என்ற பெயரில் 90 செ.மீ. பலகையைக் கொண்டுவந்தது. அந்தப் பெயர் அவ்வளவு பரவியதால், எந்த நிறுவனத்தின் குட்டைப் பலகையையும் ஸ்னோபிளேடு என்றே அழைப்பவர்கள் இன்றும் உண்டு. 1998 முதல் 2000 வரை குளிர்கால எக்ஸ் கேம்ஸ் போட்டிகளில் ஸ்கீபோர்டிங் ஒரு பிரிவாக இருந்தது. பிறகு இரு முனையும் வளைந்த நீளமான ஸ்கீகள் வந்து சாகச வீரர்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. இன்று ஸ்கீபோர்டைச் செய்பவை பெரும்பாலும் சிறு நிறுவனங்கள். வாங்குபவருக்கு நேரில் வழிகாட்டக் கடைக்காரர் கிடைப்பது அரிது. அதனால் நீளத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வாங்குபவர் தலையிலேயே விழுகிறது.

நீளம் செய்யும் வேலை

பலகையின் நீளம் நான்கு விஷயங்களைத் தீர்மானிக்கிறது.

முதலாவது, திருப்பும் எளிமை. காலில் பூட்டிய பலகையைப் பக்கவாட்டில் திருப்பும்போது அதன் இரு முனைகளும் வட்டமடிக்க வேண்டும். முனை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்குத் திருப்புவது கடினம். பள்ளி இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்று படிப்பது இதைத்தான். ஒரே அகலமும் தடிமனும் கொண்ட பலகைகளில் இது நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அந்தக் கணக்கில் 170 செ.மீ. பலகை, 90 செ.மீ. பலகையைப் போல ஆறு மடங்குக்கு மேல் சுழற்சியை எதிர்க்கிறது. ஸ்கீபோர்டுகளுக்குள்ளேயே 110 செ.மீ. பலகையின் எதிர்ப்பு 90 செ.மீ. பலகையினுடையதைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு. புதிதாகப் பழகுபவர்கூட ஸ்கீபோர்டில் சீக்கிரமே திரும்பக் கற்றுக்கொள்வதன் காரணம் இது.

இரண்டாவது, வேகத்தில் நிலைத்தன்மை. பனியைத் தொடும் விளிம்பு நீளமாக இருந்தால் சிறு மேடுபள்ளங்களின் மேல் பலகை பாலம்போல் கடந்துவிடும். குட்டையாக இருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும். முனை படபடவென்று அடிக்கும். பாதத்தில் அதிர்வு ஏறும். ஸ்கீ உலகக் கோப்பைப் பந்தயங்களின் அளவுகளே இதற்குச் சாட்சி. மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் பாயும் டவுன்ஹில் பந்தயத்தில் ஆண்களின் ஸ்கீ குறைந்தது 218 செ.மீ. இருக்க வேண்டும். நெருக்கமான கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து செல்லும் ஸ்லாலத்தில் அந்தக் குறைந்தபட்ச அளவு 165 செ.மீ. மட்டுமே. அதிவேகத்துக்கு நீளம், அடிக்கடி திரும்பக் குறுக்கம் என்ற அதே விதிதான் ஸ்கீபோர்டுக்கும்.

மூன்றாவது, மிதக்கும் திறன். புதிதாக விழுந்த பொடிப்பனியில் பலகை அமிழாமல் இருக்க அடிப்பரப்பு வேண்டும். பரப்பு என்பது நீளமும் அகலமும் சேர்ந்த கணக்கு என்பதால், குறைந்த நீளத்தை அகலத்தால் ஓரளவு ஈடுகட்டலாம்.

நான்காவது, முன்பின் சமநிலை. நீளமான ஸ்கீயில் உடல் சற்று முன்னோ பின்னோ சாய்ந்தாலும் பலகையின் முனையும் வாலும் தாங்கிக்கொள்ளும். ஸ்கீபோர்டில் அந்தத் தாங்கல் குறைவு. பின்னால் சாய்ந்து உட்கார்ந்தபடி சறுக்கிப் பழகியவர் 80 செ.மீ. பலகையில் ஏறினால், முன்முனைகள் மேலே எழும்பி முதுகு பனியில் படும். எடை பாதத்தின் நடுவில் நிற்க வேண்டும், முழங்கால்கள் சற்று மடங்கியிருக்க வேண்டும். இந்த நிலைக்கு உடல் பழகாதவருக்கு ஒரு மீட்டரை ஒட்டிய பலகையே பாதுகாப்பு.

உயரத்தை விட எடை முக்கியம்

சாதாரண ஸ்கீக்கு ஒரு சுலபமான வழக்கம் உண்டு. பலகையை நிமிர்த்தி நிறுத்தினால் முகவாய்க்கும் நெற்றிக்கும் இடையே எங்கே எட்டுகிறது என்று பார்ப்பார்கள். ஸ்கீபோர்டுக்கு இந்த வழக்கம் உதவாது. எந்த அளவானாலும் அது பெரியவரின் இடுப்பை ஒட்டியே நிற்கும். இங்கே முதலில் பார்க்க வேண்டியது உடல் எடை.

ஓர் எளிய கணக்கு இதைத் தெளிவாக்கும். 90 செ.மீ. நீளமும் சராசரியாக 10 செ.மீ. அகலமும் உள்ள ஒரு பலகையின் பரப்பு 900 சதுர செ.மீ.; இரண்டும் சேர்ந்து 1,800. உடை, பூட்ஸ் உட்பட 60 கிலோ எடையுள்ளவர் அதன்மேல் நின்றால் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 33 கிராம் அழுத்தம் விழுகிறது. 90 கிலோ எடையுள்ளவர் நின்றால் அது 50 கிராம். இருவர் காலிலும் ஒரே பலகைதான். ஆனால் மெல்லியவர் மிதந்து போகும் பனியில் கனத்தவர் அமிழ்ந்து நிற்பார். அதே 90 கிலோக்காரர் 110 செ.மீ. நீளமும் 12 செ.மீ. சராசரி அகலமும் கொண்ட பலகைக்கு மாறினால் அழுத்தம் 34 கிராமுக்கு இறங்கிவிடும். அதாவது 60 கிலோக்காரருக்கு 90 செ.மீ. பலகை எப்படியோ, 90 கிலோக்காரருக்கு அகலமான 110 செ.மீ. பலகை அப்படி.

எடை வேறொரு வழியிலும் வேலை செய்கிறது. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு விறைப்பு உண்டு. கனமானவர் ஏறினால் மெலிந்த பலகை அளவுக்கு மேல் வளைந்து விளிம்பின் பிடியை இழக்கும். எடை குறைந்தவர் விறைப்பான நீளப் பலகையில் ஏறினால் அது வளைந்தே கொடுக்காது. திருப்பங்கள் கட்டைபோல் இருக்கும்.

எல்லா வகைச் சரிவுகளிலும் பொதுவாகச் சறுக்க நினைக்கும் பெரியவர்களுக்குப் பின்வரும் அளவுகளைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம். 50 கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 75 முதல் 85 செ.மீ.; 50 முதல் 70 கிலோ வரை 85 முதல் 95; 70 முதல் 85 கிலோ வரை 95 முதல் 100; அதற்கு மேல் எடையுள்ளவர்களுக்கு 100 முதல் 110, அல்லது அதற்கும் மேல். இது கல்லில் பொறித்த சட்டமல்ல. சறுக்கும் பாணியையும் பனியின் தன்மையையும் பார்த்து 5 செ.மீ. கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். இரண்டு அளவுகளுக்கு நடுவே மனம் ஊசலாடினால், சறுக்கிப் பழக்கமில்லாதவர் நீளமானதையே எடுப்பது நல்லது.

குழந்தைகளின் கணக்கு வேறு. 110 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்கு 85 அல்லது 90 செ.மீ. பலகை குட்டையே அல்ல. அதன் வயதுக்குரிய சாதாரண ஸ்கீயின் அளவே அதுதான். பெரியவர்களின் எடையைத் தாங்கச் செய்த ஸ்கீபோர்டு அந்தக் குழந்தைக்கு விறைப்பாகவும் கனமாகவும் இருக்கும். நீளம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக அப்பாவின் ஸ்கீபோர்டைப் பிள்ளையின் காலில் மாட்டுவது சரியல்ல. சிறுவர்களுக்கென்றே மென்மையாகச் செய்த ஸ்கீ கிடைக்கிறது.

அகலமும் பூட்ஸ் அளவும்

நீளத்தைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. பழைய ஸ்கீபோர்டுகள் பலவற்றில் காலுக்கடியில் உள்ள இடைப்பகுதி குறுகலாக இருந்தது. இன்றைய பொடிப்பனி வகைகளில் அது 10 செ.மீ.யைத் தாண்டும். அகலமான பலகை மென்பனியில் மிதக்கும். ஆனால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்க்கக் கொஞ்சம் கூடுதல் பலம் கேட்கும். குறுகலான பலகை கெட்டிப்பனியில் சட்டென்று விளிம்பில் ஏறும், பொடிப்பனியில் புதையும்.

பாதத்தின் அளவையும் மறக்கக் கூடாது. பெரிய ஆண் பாதத்துக்கான ஸ்கீ பூட்ஸின் அடி 32 செ.மீ. இருக்கலாம். 75 செ.மீ. பலகையில் அது நீளத்தின் 40 விழுக்காட்டுக்கு மேல் பிடித்துக்கொள்ளும். பூட்ஸ் கெட்டியான பிளாஸ்டிக் என்பதால் அதன் கீழுள்ள பகுதி சரியாக வளையாது. முன்னும் பின்னும் மிஞ்சும் சிறு துண்டுகளே வேலை செய்யும். பெரிய பாதம் உள்ளவர் எடை குறைந்தவராக இருந்தாலும் 90 செ.மீ.க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. பூட்ஸ் பலகையைவிட அகலமாக இருந்தால் இன்னொரு தொல்லை: ஆழமாகச் சாய்ந்து திரும்பும்போது பூட்ஸின் ஓரம் பனியில் உரசி, விளிம்பைப் பனியிலிருந்து கிளப்பிவிடும்.

சறுக்கும் பாணிக்கு ஏற்ப

சாகசப் பூங்காக்களில் தாவுவதும், இரும்புக் கம்பிகளின் மேல் வழுக்குவதும், காற்றில் ஒரு சுற்று, இரண்டு சுற்று சுழல்வதும் நோக்கமானால் தம் எடைக்குரிய வரம்பின் கீழ்ப்பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். குட்டையான பலகைகள் ஒன்றோடொன்று இடிக்காமல் சுழலும். கால்களைக் குறுக்காக மாற்றவும் இடம் கொடுக்கும். ஆனால் உயரத் தாவித் தரையிறங்கும்போது தாங்குவதற்கு நீளம் குறைவு. கொஞ்சம் பின்னால் விழுந்தாலும் சமாளிக்க முடியாது. பெரிய தாவல்களில் இறங்குபவர்கள் 95 செ.மீ.க்கு மேல் போவது இதனால்தான்.

இயந்திரம் கொண்டு சமன்படுத்திய சரிவில் விளிம்பின் மேல் சாய்ந்து, பனியில் கீறியதுபோல் கோடு விட்டு வளைவதை விரும்புபவர்கள் உண்டு. அவர்களுக்கு 95 முதல் 110 செ.மீ. வரை பொருந்தும். ஸ்கீபோர்டின் இடை சிறுத்து முனைகள் அகன்றிருப்பதால், சாய்த்தவுடன் அது மிகச் சிறிய வட்டத்தில் திரும்ப முனையும். குட்டைப் பலகையில் அந்த வட்டம் மேலும் சிறிது. வேகம் கூடிய நிலையில் அவ்வளவு சிறிய வட்டத்தில் திரும்பினால் உடல் தூக்கி எறியப்படும். வேகப் பிரியர்களுக்கு நீளம் பாதுகாப்பும் ஆகிறது.

பனி மேடுகள் அடுத்தடுத்து வரும் சரிவுகளிலும் மரங்களுக்கிடையே உள்ள நெருக்கமான பாதைகளிலும் குட்டைப் பலகை கைகொடுக்கும். 170 செ.மீ. ஸ்கீயோடு நுழைய முடியாத இடுக்கில் 90 செ.மீ. பலகை இரண்டு திருப்பம் போட்டுவிடும். மேட்டின் உச்சியில் நின்றால் முனைகள் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்காது.

முழங்கால் வலி உள்ளவர்களும், நெடுநாள் இடைவெளிக்குப் பிறகு சரிவுக்குத் திரும்புபவர்களும் லேசான பலகை என்பதற்காகவே ஸ்கீபோர்டை நாடுகிறார்கள். மெதுவாகவும் நிதானமாகவும் சறுக்க நினைக்கும் இவர்களுக்குத் தம் எடைக்குரிய வரம்பின் நடு அளவு போதும்; வேகத்துக்காக நீளத்தைக் கூட்ட வேண்டியதில்லை.

ஒரு குறை எல்லா அளவுகளுக்கும் பொது. ஊன்றுகோல் இல்லாததால் சமதளம் வந்தால் தள்ளிக்கொண்டு போக வழியில்லை. ஸ்கேட்டிங் செய்வதுபோல் ஒவ்வொரு காலாக உந்த வேண்டும். பலகை எவ்வளவு குட்டையோ அவ்வளவு சீக்கிரம் வேகம் அடங்கிவிடும். நீண்ட சமதளப் பாதைகள் உள்ள மலைகளில் சறுக்குபவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பனியின் தன்மை

ஒரே ஆள் ஒரே பாணியில் சறுக்கினாலும் மலைக்கு மலை பனி மாறும். ராக்கி மலைத்தொடரிலும் ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலும் லேசான பொடிப்பனி அதிகம். அங்கே அகலமான, ஒரு மீட்டரைத் தொடும் அல்லது தாண்டும் பலகை வேண்டும். முன்முனை கூடுதலாக மேலே வளைந்த வகை இன்னும் நல்லது. அது பனிக்குள் குத்தி நிற்காமல் மேலே எழும்பி வரும். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பனி உருகி மீண்டும் உறைந்து, பல நாட்கள் கண்ணாடிபோல் கெட்டியாகக் கிடக்கும். அங்கே மிதப்பதைவிட விளிம்பின் பிடிதான் முக்கியம். நடுப்பகுதி பனியிலிருந்து சற்று உயர்ந்த, ஆள் ஏறினால் தட்டையாகும் வளைவுள்ள பலகை விளிம்பின் முழு நீளத்தையும் பனியில் அழுத்தும்.

பைண்டிங்கில் சமரசம் கூடாது

நீளத்தோடு பிரிக்க முடியாதது பைண்டிங். வாடகைக்குக் கிடைத்த பழைய ஸ்கீபோர்டுகள் பெரும்பாலானவற்றில் பூட்ஸை இறுகப் பிடிக்கும், விழுந்தாலும் விடாத பைண்டிங்கே இருந்தது. பலகை குட்டை, அதனால் காலை முறுக்கும் நெம்புகோலும் குட்டை, ஆகவே தானாகக் கழன்றுகொள்ளத் தேவையில்லை என்பது அதன் பின்னிருந்த கருத்து. அதில் பாதிதான் உண்மை. ஸ்கீ மையங்களில் நடந்த காய ஆய்வுகளில், இத்தகைய பலகைகளில் முழங்கால் தசைநார்க் காயங்கள் குறைவாகவும் கீழ்க்கால் எலும்பு முறிவுகள் அதிகமாகவும் இருந்தது தெரியவந்தது. பலகை எதிலாவது சிக்கி நின்று உடல் முன்னால் பாயும்போது, அந்த விசை முழுவதும் பூட்ஸின் மேல்விளிம்பை ஒட்டிய எலும்பில் இறங்குகிறது.

நீளம் கூடக் கூட முறுக்கும் விசையும் கூடும். ஒரு மீட்டரை நெருங்கும் அல்லது தாண்டும் பலகையில் கழன்றுகொள்ளும் பைண்டிங் கட்டாயம் என்றே கொள்ள வேண்டும்; அதைவிடக் குட்டையானவற்றிலும் அதுவே நல்லது. எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் விதம் ஆகியவற்றைக் கொண்டு பயிற்சி பெற்ற பணியாளர் அமைத்துத் தருவார். அவரிடம் வயதையும் எடையையும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஸ்னோபோர்டுக்கான மென்மையான பூட்ஸை மாட்டும் பைண்டிங்குகளும் உண்டு. அவை நடக்கவும் நிற்கவும் சுகமானவை. ஆனால் பொதுவாக விழும்போது கழல்வதில்லை.

கடையில் சோதிக்கும் முறை

வாங்கும் முன் இரண்டு பலகைகளையும் அடிப்புறம் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்துப் பிடிக்கலாம். நடுவில் இடைவெளி தெரிந்தால் மேல்வளைவு இருக்கிறது என்று பொருள். இரண்டு பலகைகளின் வளைவும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பிறகு ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறு முனையை ஒரு கையால் பிடித்து, நடுவில் மறு கையால் அழுத்திப் பார்க்கலாம். சிரமமே இல்லாமல் வளைந்தால் கனமானவருக்கு அது உதவாது; முழு பலத்துக்கும் அசையாவிட்டால் மெலிந்தவருக்கு உதவாது. பயன்படுத்திய பலகையானால் எஃகு விளிம்பு நெடுக நகத்தை இலேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். நகம் சீவப்பட்டால் கூர்மை இருக்கிறது. வழுக்கிப்போனால் தீட்ட வேண்டும். விளிம்பு பிரிந்திருந்தாலோ திருகுத் துளையைச் சுற்றி விரிசல் இருந்தாலோ, விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிட வேண்டும்.

முடிந்தால் வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துச் சறுக்கிப் பார்ப்பது சிறந்தது. காலையில் கெட்டிப்பனியிலும் மதியம் இளகிய பனியிலும் அதே பலகை எப்படி நடந்துகொள்கிறது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். முனை ஓயாமல் படபடத்தால் அடுத்த நீளம். திருப்பக் கால் வலித்தால் ஒரு படி குறைவு.

சுருக்கமாக, முதலில் எடை, அடுத்து பனி, அதன் பிறகே பாணி என்ற வரிசையில் முடிவெடுத்தால் தவறு நேராது. சராசரி எடையுள்ள பெரியவர் ஒரே ஒரு ஜோடி வாங்குவதானால், 95 முதல் 100 செ.மீ.க்குள் நடுத்தர அகலமுள்ள பலகையும் தானாகக் கழன்றுகொள்ளும் பைண்டிங்கும் பெரும்பாலான மலைகளுக்குப் போதும்.